பேய்க்கு ஃபிளாஷ்பேக் வந்ததும் எனக்குப் பயம் போய்விடுகிறது. உங்களுக்கு எப்படி?

கொக்கித்தையல் (கோவில்பட்டி)

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்ச நாளாக மனசில் கிடக்கிற ஒரு சந்தேகம். கேட்டுவிடுகிறேன்.

எனக்குத் தையல் கடை. பிளவுஸ்தான் அதிகம். மிஷின் வேலையைக் கடையில் முடித்துவிட்டு, கொக்கி கட்டுவது, எம்மிங் செய்வது மாதிரி கைவேலையை எல்லாம் ஒரு பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவேன். ராத்திரி ஒன்பதரைக்கு டிவி முன்னால் உட்கார்ந்தால் பன்னிரண்டு வரை ஓடும். பக்கத்தில் அத்தை, என் வீட்டுக்காரரின் அம்மா, சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எங்கள் இரண்டு பேருக்கும் பேய்ப்படமும் கொலைப்படமும்தான் பிடிக்கும். வீட்டுக்காரர் “காலையில சீக்கிரம் எந்திரிக்கணும்” என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். சனிக்கிழமை ராத்திரியும் அதையேதான் சொல்வார்.

ஆக, நான் பாதிப் படத்தைக் காதால் பார்க்கிறவள். கண் ஊசியில் இருக்கும், காது டிவியில் இருக்கும். எந்தப் படம் நிஜமாகவே பயமுறுத்தியது என்பதற்கு என்னிடம் ஒரு கணக்கு உண்டு. இடது கை விரலில் எத்தனை குத்து என்று பார்ப்பேன். பதினெட்டு வருஷமாக ஊசி பிடிக்கிற கை, சும்மா குத்திக்கொள்ளாது.

முதல் ‘டிமான்ட்டி காலனி’க்கு (2015) இரண்டு குத்து. நாலு பையன்கள் ஒரே அறைக்குள் மாட்டிக்கொண்டு, தங்கள் சாவையே டிவியில் பார்க்கிறார்களே, அந்த இடத்தில் ஒன்று. நாங்களும் டிவிதானே பார்த்துக்கொண்டிருந்தோம். ‘ராட்சசன்’ படத்துக்கு (2018) மூன்று. அந்தப் பொம்மைத் தலை வருகிற பரிசுப் பெட்டியும் ஜிப்ரானின் இசையும் போதும், தலையை நிமிர்த்தாமலே ஆள் வந்துவிட்டான் என்று தெரிந்துவிடும். ‘அரண்மனை 4’ (2024) ஓடின ராத்திரியில் குத்து ஒன்றும் இல்லை. இரண்டு பிளவுஸ் முடிந்தது.

சரி, கேள்விக்கு வருகிறேன்.

நம் பேய்ப்படங்களில் ஒன்றரை மணி நேரம் எல்லாம் நன்றாகத்தான் போகும். கதவு தானாகத் திறக்கும், கிணற்றுக்குள் யாரோ முனகுவார்கள், குழந்தை மூலையைப் பார்த்துச் சிரிக்கும். நான் நூலைப் பல்லால் கடிக்கக்கூட மறந்து உட்கார்ந்திருப்பேன். அப்போது ஒரு வயசான வாட்ச்மேனோ சாமியாரோ வந்து “இருபது வருஷத்துக்கு முன்னாடி...” என்று ஆரம்பிப்பார். அவ்வளவுதான். திரை மஞ்சளாகும். தாவணி போட்ட ஒரு பெண், ஒரு பாட்டு, ஒரு கல்யாணம், ஒரு துரோகம். அத்தை மூக்கைச் சிந்த ஆரம்பித்துவிடுவார். “யாரு பெத்த பிள்ளையோ, இப்படி அநியாயமாக் கொன்னுட்டானுவளே.” அதற்கப்புறம் அதே பேய் தலையை விரித்துப்போட்டுக்கொண்டு வந்தால் எங்களுக்கு என்ன பயம்? பேய் எங்கள் கட்சிக்காரி ஆகிவிடுகிறாள். “விடாதட்டீ, அவன் சங்கப் பிடி” என்று அத்தை டிவியைப் பார்த்துச் சத்தம் போடுவார். உள்ளே இருந்து வீட்டுக்காரர் “கொஞ்சம் மெதுவா” என்பார்.

கொலைகாரன் கதையிலும் இதே வம்புதான். ‘ராட்சச’னில் அந்த ஃபிளாஷ்பேக் வந்ததும் அத்தை “அவனும் பாவம்தான், பள்ளிக்கூடத்துல எல்லாரும் சேந்து சிரிச்சா?” என்றார். எனக்கு அதில் இன்னொரு எரிச்சலும் உண்டு. உடம்பில் ஒரு குறையோடு பிறந்த பையன், கேலி செய்தார்கள், அதனால் கொலைகாரனானான் என்று காட்டுவது எனக்கு ஒப்பவில்லை. எங்கள் தெருவிலேயே அப்படி ஒரு பையன் இருக்கிறான், மொபைல் ரிப்பேர் கடையில் வேலை பார்த்துக்கொண்டு யார் வம்புக்கும் போகாமல்.

இதற்கு நேர்மாறாக இரண்டு மலையாளப் படம் பார்த்தேன். இரண்டும் ராகுல் சதாசிவன் எடுத்தது. ‘பூதகாலம்’ (2022) படத்தில் பாட்டி செத்துப்போன வீட்டில் அம்மாவும் (நம்ம ரேவதி) மகனும் மட்டும். மகன் சொல்வதை அம்மா நம்பமாட்டாள், அம்மா படுகிற பாடு மகனுக்குப் புரியாது. பேய் வருவதற்கு முன்பே வீடு பயமாகத்தான் இருக்கிறது. யார், ஏன் என்று கடைசி வரை உட்கார வைத்துப் பாடம் நடத்தவில்லை. அன்று ஐந்து குத்து. ‘பிரமயுகம்’ (2024) இருக்கிறதே, அது முழுக்கக் கறுப்பு வெள்ளை. மம்மூட்டி சிரிக்க ஆரம்பித்ததும் பிளவுஸை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். அதனால் குத்துக் கணக்கு இல்லை.

இப்போது சொல்லுங்கள். ஃபிளாஷ்பேக்தான் பயத்தைக் கெடுக்கிறதா? இல்லை, நாற்பத்தொரு வயசாகி எனக்குத்தான் மரத்துப்போய்விட்டதா? பார்க்க நல்ல படம் இருந்தாலும் சொல்லுங்கள். தமிழில் பேசினால் நல்லது, அத்தைக்குக் கீழே ஓடுகிற எழுத்துப் படிக்க வராது.

இரண்டாம்_ஷிப்ட்

அக்கா, முதலில் கொக்கியைக் கீழே வையுங்கள். ஒரு ஹெட்போன் வாங்கி, லைட்டை அணைத்துவிட்டுப் பாருங்கள். ரேடியோ கேட்கிற மாதிரி பேய்ப்படம் பார்த்தால் அந்தப் பேய்க்கே வருத்தமாக இருக்கும்.

ஆனால் நீங்கள் சொன்னதில் பாதி எனக்கும் சரிதான். போன வருஷம் ‘வெப்பன்ஸ்’ (2025) என்று ஒரு இங்கிலீஷ் படம் பார்த்தேன். ஒரு வகுப்பில் பதினெட்டுப் பிள்ளைகள். ஒரு ராத்திரி சரியாக 2.17க்குப் பதினேழு பேர் எழுந்து, கதவைத் திறந்து, இரண்டு கையையும் விமானம் மாதிரி விரித்துக்கொண்டு இருட்டுக்குள் ஓடிவிடுகிறார்கள். மறுநாள் வகுப்பில் ஒரே ஒரு பையன் மட்டும் உட்கார்ந்திருக்கிறான். காரணமான ஆள் யார் என்று பின்பாதியில் காட்டிவிடுகிறார்கள், ஆனால் அந்த ஆள் எங்கிருந்து வந்தார், ஏன் இப்படி ஆனார் என்று ஒரு வரி இல்லை. நான் ஷிப்ட் முடிந்து ராத்திரி ஒன்றரைக்கு பைக்கில் வருகிறவன். ஒரு வாரம் எங்கள் ஊர் பைபாஸில் கையை விரித்துக்கொண்டு யாராவது ஓடி வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டேதான் வந்தேன்.

இன்னொரு பாதிக்கு ஒத்துக்கொள்ள மாட்டேன். ஃபிளாஷ்பேக் என்றாலே பயம் போய்விடும் என்றால் ‘மகாராஜா’ (2024) என்ன? (பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போங்கள்.) விஜய் சேதுபதி குப்பைத் தொட்டியைக் காணோம் என்று போலீஸ் ஸ்டேஷனுக்கு நடக்கிறார். இன்னொரு பக்கம் அனுராக் காஷ்யப் குடும்பக் கதை ஓடுகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கிறது என்றுதானே நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம்? அது பழைய கதை, இது இன்றைய கதை என்று தெரிகிற இடத்தில்தான் வயிற்றைப் பிசைகிறது. அங்கே ஃபிளாஷ்பேக்தான் அடியே. திரையை மஞ்சளாக்கி “இதோ பழைய கதை” என்று போர்டு மாட்டாமல் டைரக்டர் நித்திலன் அதை ஒளித்துவைத்தார். அதனால் குற்றம் ஃபிளாஷ்பேக்கில் இல்லை, போர்டு மாட்டுவதில்தான் இருக்கிறது.

வேளிமலை

கோவில்பட்டி அக்கா, உங்கள் அத்தைக்கு முதலில் ஒரு கும்பிடு. “சங்கப் பிடி” என்று சத்தம் போட்டது வெறும் டிவிப் பழக்கம் இல்லை. அது எங்கள் பக்கத்துக் கொடையில், அதாவது அம்மன் கோயில் திருவிழாவில், நூறு வருஷத்துக்கு மேலாகக் கேட்கிற குரல்.

எனக்கு நாகர்கோவில் பக்கம். தாத்தா வில்லுப்பாட்டுக் குழுவில் குடம் அடித்தவர். சின்ன வயசில் ஒவ்வொரு கொடைக்கும் அவர் பின்னாலேயே போய், பாய் கிடைத்த இடத்தில் தூங்கி எழுந்தவன் நான். அதனால் ஃபிளாஷ்பேக்கைத் திட்டினால் கொஞ்சம் கோபம் வருகிறது.

இசக்கியம்மன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். வட தமிழ்நாட்டில் திருவாலங்காட்டுப் பக்கம் பழையனூர் நீலி என்பார்கள், எங்கள் ஊரில் அவள்தான் இசக்கி. ஆரல்வாய்மொழிப் பக்கம் முப்பந்தலில் காற்றாலைகளுக்கு நடுவில் அவள் கோயில் இருக்கிறது, பஸ்ஸில் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். நகைக்கு ஆசைப்பட்டு அவள் புருஷனே அவளைக் கொன்றுவிடுகிறான். பிறகு அவன் வணிகனாக மறுபிறவி எடுத்து வருகிறபோது, அவள் ஒரு கள்ளிக் கட்டையைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, “இவர் என் புருஷன், என்னை விட்டுட்டுப் போறார்” என்று ஊர்ச்சபையில் நின்று அழுகிறாள். நீலிக்கண்ணீர் என்று சும்மா பேச்சில் சொல்கிறோமே, அது இந்தக் கண்ணீர்தான். அவன் கதறுகிறான், “இவ என் பொஞ்சாதி இல்ல, பேய்” என்று. ஊர்ப் பெரியவர்கள் எழுபது பேர், “உனக்கு ஒன்றும் ஆகாது, அப்படி ஆகிவிட்டால் நாங்கள் உயிரைக் கொடுக்கிறோம்” என்று பிணை நின்று, அவனை அவளோடு ஒரே வீட்டில் படுக்க அனுப்புகிறார்கள். விடிந்து பார்த்தால் அவன் குடல் வெளியே கிடக்கிறது. சொன்ன சொல்லுக்காக எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள்.

இது முழுக்க ஃபிளாஷ்பேக்தான். வில்லு வைத்ததும் முதலிலேயே பாடிவிடுவார்கள். உட்கார்ந்திருக்கிற கிழவிகளுக்கு வரிக்கு வரி தெரியும். இருந்தும் கொலை நடக்கிற இடம் வரும்போது வீசுகோல் வில்லின் மேல் விழுகிற வேகம் கூடும், உடுக்கை முந்தும், தாத்தாவின் கை குடத்தில் நிற்காது. கூட்டத்தில் எங்கோ ஒரு பெண் “ஏய்” என்று எழுந்து நிற்பாள். பத்து வயசில் அந்த “ஏய்”க்கு நான் பயந்த பயம் எந்தத் தியேட்டரிலும் வந்ததில்லை. இத்தனைக்கும் மதியம்தான் அந்த அக்கா எனக்கு ஐஸ் வாங்கித் தந்திருந்தாள்.

அப்படியென்றால் சினிமாவில் மட்டும் ஏன் பயம் போகிறது? நான் நினைப்பது இது. நீலி நியாயம் பார்த்து நிறுத்தவில்லை. கொன்றவன் ஒருவன், செத்தது அவனும் எழுபது பேரும். அந்த எழுபது பேர் அவளுக்கு என்ன செய்தார்கள்? அழுகிற பெண்ணுக்கு இரங்கினார்கள், அவ்வளவுதான். உங்கள் அத்தை மாதிரி. நம் சினிமாப் பேய் அப்படி இல்லை. கெட்டவன் நாலு பேர் என்றால் அந்த நாலு பேரை மட்டும் எண்ணி, பெயர் சரிபார்த்து, கோர்ட் தீர்ப்பு மாதிரி முடித்துவிட்டு ஒளியாகி மேலே போய்விடுகிறது. நமக்கும் அவளுக்கும் ஒரு கணக்கும் இல்லை என்று தெரிந்த பிறகு எப்படிப் பயப்படுவது? ‘பிரமயுக’த்தில் தேவன் என்ன தப்பு செய்தான்? பாணன், பசியோடு வழி தவறி ஒரு மனைக்குள் நுழைந்தான். பகடை ஆட உட்கார்ந்தான், தன் நேரத்தையே பந்தயமாக வைத்துத் தோற்றான். அங்கே யார் போனாலும் அதுதான் கதி. அதனால்தான் நீங்கள் பிளவுஸை மடித்து வைத்தீர்கள்.

கொரியாவில் ‘எக்ஸ்ஹூமா’ (2024) என்று ஒரு படம். ஒரு பணக்காரக் குடும்பத்தின் முன்னோர் கல்லறையைத் தோண்டி இடம் மாற்றுகிறார்கள். அதற்கு முன் ஒரு பூசை. வெட்டின பன்றிகளை வரிசையாகக் கிடத்தி, கத்தியோடு ஒரு பெண் சாமியாடுகிறாள், பக்கத்தில் மேளம். ஒரு வார்த்தை புரியாமலே எனக்குப் புல்லரித்தது. எங்கள் சாமக்கொடையைத் தூக்கிக்கொண்டுபோய் வேறு நாட்டில் வைத்த மாதிரி இருந்தது. அதிலும் பேய்க்குப் பெரிய பழங்கதை உண்டு. ஆனால் அந்தக் கதை தெரியத் தெரிய நிலைமை மோசமாகிறதே தவிர, யாரும் “பாவம்” என்று சொல்லவில்லை.

நைட்_டூட்டி

எல்லாரும் பயம் பயம் என்கிறீர்கள். ‘பிசாசு’ (2014) பார்த்துவிட்டு அழுத ஆள் நான் ஒருத்திதானா? மிஷ்கின் படம். ரோட்டில் அடிபட்டுக் கிடக்கிற பெண்ணை ஒருவன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான், அவள் அவன் கையைப் பிடித்தபடியே செத்துப்போகிறாள். அதற்கப்புறம் அவன் வீட்டிலேயே இருக்கிறாள், பீர் பாட்டில் ஓப்பனரை ஒளித்துவைக்கிற பேயாக. மகள் உடம்பை ஐஸ் பேக்டரியில் வைத்துக்கொண்டு ராதாரவி அழுகிற இடத்தில் நான் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். கொக்கித்தையல் அக்கா, உங்கள் அத்தை மூக்கைச் சிந்துவது ஒன்றும் குறை இல்லை. பேய் என்றால் பயமுறுத்தித்தான் ஆகவேண்டும் என்று யார் சட்டம் போட்டது?

நான் ஆஸ்பத்திரியில் நர்ஸ், மாதத்தில் பத்து ராத்திரி டூட்டி. செத்தவர்களைப் பார்த்து எனக்குப் பயம் வருவதில்லை. பிணவறைக்குப் போகிற ஸ்ட்ரெச்சரில் ஒரு சக்கரம் மட்டும் கிறீச்சிடும். மூன்று முறை எண்ணெய் விட்டாயிற்று. ஆள் இருந்தால்தான் கிறீச்சிடுகிறது, காலியாகத் தள்ளிக்கொண்டு வந்தால் சத்தமே இல்லை. எடைதான் காரணம் என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் திரும்பி வரும்போது அந்தச் சத்தம் வராதது இருக்கிறதே, அதற்குத்தான் பயம்.

பழைய ஆபரேட்டர்

நர்ஸம்மா சொன்ன சக்கரத்தில் விஷயம் இருக்கிறது. நான் தியேட்டரில் படம் ஓட்டினவன். 1979இல் கார்பன் குச்சி போட்டு எரிக்கிற புரொஜக்டரில் தொழில் கற்று, டிஜிட்டல் வந்து மூன்று வருஷம் கழித்து ஓய்வு பெற்றவன். படத்தைவிட, பெட்டி அறை ஓட்டை வழியாகக் கூட்டத்தைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். எங்கே பயப்படுகிறார்கள், எங்கே பயந்த மாதிரி கத்துகிறார்கள் என்பது மேலே இருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும். கத்தினால் பயம் இல்லை. கத்திவிட்டு உடனே சிரிப்பார்கள். நிஜமாகப் பயந்தால் அரங்கமே நாற்காலியில் கொஞ்சம் கீழே இறங்கும், யாரும் இருமமாட்டார்கள்.

தையல்காரம்மா காதால் படம் பார்க்கிறேன் என்றாரே, அதனால் ஒரு சங்கதி சொல்கிறேன். தியேட்டரில் ஒலிக்கென்று இருக்கிற டால்பி பெட்டியில் சத்தத்துக்கு ஒரு திருகு உண்டு. 7 என்பது, ஸ்டூடியோவில் ஒலி சேர்த்தவர்கள் கேட்டுச் சரி பார்த்த அளவு. அதில் வைத்தால்தான் அவர்கள் நினைத்த மாதிரி கேட்கும். நான் வேலை பார்த்த தியேட்டரில் 5க்கு மேல் வைக்க விடமாட்டார்கள். “சத்தம் ஜாஸ்தி”ன்னு ஜனங்கள் கத்துவார்கள், முதலாளி ஆள் அனுப்புவார். 5இல் வைத்தால் என்ன ஆகும்? ‘டமால்’ எப்படியும் கேட்கும். அதற்கு முந்தின ஒரு நிமிஷம் இருக்கிறதே, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர், தூரத்தில் ஒரு நாய், மூச்சு, அது எல்லாம் மின்விசிறிச் சத்தத்துக்குள் போய்விடும். பயம் இருந்ததே அந்த ஒரு நிமிஷத்தில்தான். பாக்கி வெறும் டமால். படம் எடுக்கிறவர்கள், தியேட்டரில் எடுபடவில்லை என்று அடுத்த படத்தில் டமாலை இன்னும் ஏற்றுகிறார்கள். நாங்கள் இன்னும் இறக்குகிறோம். இப்படியே ஒருத்தரை ஒருத்தர் துரத்தி வந்துதான் இன்றைய பேய்ப்படம் காதில் அறைகிறது. வீட்டிலும் அதே கதைதானே? டமாலுக்கு ரிமோட்டை எடுத்துக் குறைப்பீர்கள், பேசுகிறபோது கூட்டுவீர்கள்.

இன்னொரு எதிரி இடைவேளை. ஒரு மணி நேரமாகக் கட்டின பயத்தை லைட்டைப் போட்டு, முறுக்கு விற்று, சோப்பு விளம்பரம் காட்டிக் கலைத்துவிடுவோம். 2022இல் நயன்தாரா நடித்த ‘கனெக்ட்’ படத்தை 99 நிமிஷம், இடைவேளை வேண்டாம் என்றுதான் எடுத்தார்கள். சினிமாவுக்கு அது நல்லது. கேன்டீன்காரருக்கு இடைவேளைதான் சோறு, அவரையும் குற்றம் சொல்ல முடியாது.

ஃபிளாஷ்பேக் பற்றி நாகர்கோவில் தம்பி சொன்னதை நான் அப்படியே ஏற்கிறேன். ‘நெஞ்சம் மறப்பதில்லை’ (1963) எங்கள் தியேட்டரில் எத்தனையோ தடவை மறுபடி மறுபடி ஓடின படம். மறுபிறவிக் கதை, முழுக்கப் பழைய கதைதான். அந்த இடிந்த மாளிகையில் கேமராமேன் வின்சென்ட் போட்ட நிழலைப் பார்த்துக் கடைசிப் பெஞ்சு ரவுடிகள்கூடச் சும்மா இருப்பார்கள். நம்பியார் கிழவராக வருவார் பாருங்கள். உயிரோடு இருக்கிறார் என்பதே பயம்.

அம்மா கேட்ட மாதிரி தமிழில் பேசுகிற படம் ஒன்று சொல்கிறேன். ‘யாவரும் நலம்’ (2009). மாதவன், பி.சி. ஸ்ரீராம் ஒளிப்பதிவு. இதில் டமால் குறைவு. புது வீட்டுக்குக் குடிபோகிறார்கள். பால் திரிகிறது. சாமி படம் மாட்ட ஆணி இறங்கவில்லை. லிப்ட், மாதவன் தனியாகப் போனால் மட்டும் வேலை செய்யாது. மத்தியானம் ஒரு மணிக்கு ஒரு சீரியல். எங்கள் ஊரில் லிப்ட் உள்ள கட்டடமே அப்போது கிடையாது, ஆனாலும் பால் காட்சியில் பெண்கள் பக்கம் மொத்தமும் நாற்காலியில் இறங்கினதை நான் பார்த்தேன். அத்தையோடு பாருங்கள். கொக்கி வேலை இருக்கட்டும், பரவாயில்லை. ஹெட்போன் எல்லாம் வேண்டாம், இரண்டு பேர் சேர்ந்து பயப்படுவதுதான் கணக்கு.

கொக்கித்தையல் (கோவில்பட்டி)

பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. வேளிமலைத் தம்பி சொன்ன எழுபது பேர் கதையை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். அவருக்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது. “அவ அழுதது பொய்யின்னு யாருட்டீ சொன்னா? புருஷங்காரன் கொன்னது நெசம்தான?” என்று கேட்டார். அந்த வகையில் யோசித்ததில்லை. தம்பி, அடுத்த கொடை எப்போது என்று சொன்னால் அத்தையைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

ஷிப்ட் தம்பிக்கு: ‘மகாராஜா’ நானும் பார்த்தேன். நீ சொல்வது சரி, அந்த இடத்தில் எனக்கு இரண்டு குத்து. அதைப் பேய்ப்படக் கணக்கில் சேர்க்காமல் விட்டது என் தப்பு. நர்ஸ் அக்கா, ‘பிசாசு’ அடுத்த வாரம். கைக்குட்டையோடு உட்காரச் சொல்லி அத்தையிடம் சொல்லிவிட்டேன். உங்கள் சக்கரக் கதையை மட்டும் அவரிடம் சொல்லவில்லை, அவருக்கு முட்டிக்கு எக்ஸ்ரே எடுக்க வேண்டியிருக்கிறது.

ஆபரேட்டர் அய்யா, வெள்ளிக்கிழமை ராத்திரி ‘யாவரும் நலம்’ போட்டோம். நீங்கள் சொன்னபடி ரிமோட்டைத் தொடவில்லை. மாதவன் குடும்பத்துக்கு நடப்பதெல்லாம் அந்தச் சீரியலில் வருகிறது என்று தெரிய ஆரம்பித்ததும் அத்தை காலை மடக்கிக்கொண்டார். அவர் காலை மடக்கி நான் பார்த்ததே இல்லை, முட்டி வலி. ஃபிளாஷ்பேக் இதிலும் வந்தது, பழைய குடும்பம், பழைய கொலை, எல்லாம். நான் அத்தை முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூக்கைச் சிந்தவில்லை. “அந்த வீட்டுல இருந்தவங்களும் நம்மள மாதிரி சீரியலு பாத்துக்கிட்டு இருந்தவங்கதான?” என்று மட்டும் கேட்டார். அதற்கப்புறம் டிவியின் பிளக்கைப் பிடுங்கச் சொன்னார். ஸ்விட்சை அணைத்தால் போதாதாம்.

காலையில் பால் பாக்கெட்டைப் பிரித்து அடுப்பில் வைத்தபோது பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். பொங்குகிற வரை இரண்டு பேரும் பேசவில்லை. வீட்டுக்காரர் வந்து “என்ன, ரெண்டு பேரும் பாலையே பாத்துக்கிட்டு நிக்கீங்க” என்றார். பால் ஒழுங்காகத்தான் காய்ந்தது.

விரலில் எத்தனை குத்து என்று கேட்பீர்கள். ஒன்றுகூட இல்லை. வெற்றி என்று நினைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். பதினொரு மணிக்கு டீச்சர் ஒருத்தர் பிளவுஸ் வாங்க வந்தார். அரக்குப் பட்டு, சாயந்திரம் ரிசப்ஷனுக்குப் போடவேண்டியது. போட்டுப் பார்க்கத் திரைக்குப் பின்னால் போனவர் ரொம்ப நேரமாக வெளியே வரவில்லை. “என்னங்க, டைட்டா இருக்கா?” என்று கேட்டேன்.

“டைட்டெல்லாம் இல்ல. மாட்டத்தான் வழியில்ல” என்றார்.

வாங்கிப் பார்த்தேன். இடது பட்டியில் ஐந்து கொக்கி. வலது பட்டியிலும் ஐந்து கொக்கி.